எல்லாம் நோட்டுல கீது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு என்றால் எனக்குத் தைரியம் இருக்காது.

இது சிரிப்புக் கதையாகத்தான் கிளம்பியது. ஒரு மாதப் பத்திரிகைக்காரர் போன் செய்து, "கனமா வேணாம் சார், லேசா சிரிக்கிற மாதிரி ஒண்ணு" என்றார். அதற்கென்ன பஞ்சம், என் ஹவுஸ் ஓனரே இருக்கிறாரே என்று உட்கார்ந்தேன். வெள்ளானூரில் மாடி போர்ஷனில் நான், கீழே அவர். பெயர் எத்திராஜ், வயது நாற்பத்தொன்பது. அப்பா காலத்து நிலமெல்லாம் பிளாட்டாகிப் போக, மிச்சம் நின்றது இந்த வீடு. அவர் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பஸ் ஓட்டுகிறார். வயிற்றுக்காக வெங்காயத்தையும் பூண்டையும் விட்டவர். பிரியாணிக் கல்யாணத்துக்கு டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம் எடுத்துப் போனவர். சிரிப்புக்கு இதைவிட என்ன வேண்டும்?

இரண்டு பக்கம் சரசரவென்று ஓடியது. மூன்றாம் பக்கத்துக்கு ஒரு விவரம் தேவைப்பட்டது, அவர் எந்தத் தேதியில் என்ன சாப்பிட்டார் என்று. பழைய தாள்களை எடுத்துப் புரட்டினேன். அதில் என் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது. படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. அது ஒரு மனிதரின் உயிர் சம்பந்தப்பட்ட வரி. அதை எழுதியவனும் நான், அடித்தவனும் நான்.

அந்த வரி என்ன என்று இப்போதே சொல்லிவிடலாம்தான். வாய் வரவில்லை. சிரிப்புக் கதையைக் கொஞ்சம் ஓட்டிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"எத்திராஜுக்கு ஐ.பி.எஸ். கிடைத்த செய்தி வெள்ளானூரில் பரவியபோது—"

[அடித்துவிட்டேன். குடல் நோயின் பெயரும் போலீஸ் பதவியும் ஒரே மாதிரி ஒலிப்பதை வைத்து அவரே டீக்கடையில் சொல்லிச் சொல்லித் தீர்த்துவிட்டார். எனக்கு மிச்சம் வைக்கவில்லை.]

"வயிற்றில் புளியைக் கரைத்தது போல—"

[இதுவும் வேண்டாம். இந்தக் கதையில் வயிறு வெறும் வயிறு. அதை வைத்து அலங்காரம் பண்ணியதெல்லாம் போதும்.]

நின்றது இது:

காலை ஆறரைக்கு ஆவடி செக்போஸ்ட்டைத் தாண்டும்போதே எத்திராஜுக்குத் தெரிந்துவிடும், அன்றைக்கு வயிறு ஒத்துழைக்குமா, கழுத்தறுக்குமா என்று. பின்னால் ஐம்பத்திரண்டு பிள்ளைகள், காதில் ஆளுக்கொரு ஒயர். அவருக்கு அடிவயிற்றில் முதலில் ஒரு சுருட்டல், அப்புறம் ஒரு இரைச்சல், அப்புறம் நெற்றியில் சில்லென்று வியர்வை. பருத்திப்பட்டு பெட்ரோல் பங்க் வரைக்கும் தாக்குப்பிடித்தால் பிழைத்தார். அதைத் தாண்டிவிட்டால் வெகு தூரத்துக்குக் கதவு போட்ட இடம் கிடையாது. அந்த ரோட்டில் எந்தக் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, எந்த டீக்கடைக்காரர் கேட்டதும் சாவி கொடுப்பார், எவர் முறைப்பார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஒரு நாள் முடியவில்லை. பஸ்ஸை ஓரங்கட்டி, "வண்டி ஹீட்டாயிடிச்சி, அஞ்சி நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ஓடினார். திரும்பி வரப் பதினெட்டு நிமிடம். பிள்ளைகளுக்கு அன்றைக்கு முதல் பீரியடே பரீட்சை. கல்லூரி ஆபீஸில் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒரு சைக்கிள்காரனைக்கூட உரசாத மனிதர். வயிறு வந்து அவரை வண்டியிலிருந்து இறக்கப் பார்த்தது. அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார் என்று அவர் மனைவி ராணி சொன்னார்.

3

அம்பத்தூரில் ஒரு குடல் டாக்டரிடம் போனார்கள். ரத்தம், மலம், ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். எதிலும் கோளாறு இல்லை. "ஒங்க குடல் சும்மாவே கோவிச்சிக்கிற ஜாதி. இதுக்குப் பேரு ஐ.பி.எஸ். சாப்பாட்ட ஒழுங்கு பண்ணா அடங்கும்" என்று டாக்டர் சொல்லி, அதே கட்டடத்தில் உட்காரும் உணவு ஆலோசகர் அனுசுயாவிடம் அனுப்பினார்.

(டாக்டர் சொன்னது அன்றைய தேதிக்குச் சரி. அப்போது எத்திராஜுக்கு வேறு ஒன்றும் இல்லை. டாக்டர்மீது பழியைப் போட்டு நழுவலாமா என்று நானும் இந்த நாலு நாளாக யோசித்துப் பார்த்துவிட்டேன். வழியில்லை.)

அனுசுயா மேடம் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். அதில் நான்கு கட்டம். நேரம், சாப்பிட்டது, வயிறு எப்படி, வேறு ஏதாவது. "ஆறு வாரம் இதே மாதிரி ஒரு நோட்ல எழுதிட்டு வாங்க. எது சாப்ட்டா எது பண்ணுதுன்னு அப்பதான் எனக்குப் பிடிபடும். அழகா இருக்கணும்னு அவசியமில்ல, உள்ளபடி எழுதுங்க" என்றார்.

எத்திராஜின் காதில் விழுந்தது நோட்டு என்ற ஒன்றுதான். நோட்டு என்றால் நம் ஆட்களுக்கு வேறென்ன, மேடத்திடம் காட்டுவது, சிவப்பு மையில் டிக் வாங்குவது. அடித்தல் திருத்தல் இருந்தால் வகுப்புக்கு வெளியே நிற்பது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவருக்கும் அந்தப் பயம் விடவில்லை. நீளமான நோட்டு ஒன்று வாங்கி, பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, மாடிப்படி ஏறி என் வாசலில் வந்து நின்றார்.

"ரைட்டரே, ஒன் கையெழுத்து முத்து முத்தா கீது. நா சொல்றேன், நீ எழுது. நா எழுதுனா கோழி கெளறுன மாதிரி இருக்கும். மேடம் இன்னா நெனைக்கும்?"

ஹவுஸ் ஓனர் கேட்டு வாடகைக்காரன் மாட்டேன் என்பானா? அதோடு, மறைப்பானேன், எனக்கு உள்ளூரக் குஷி. பதினைந்து வருஷமாக எழுதுகிறேன். என் எழுத்தைப் படித்தே தீரவேண்டிய ஒரு ஆள் அம்பத்தூரில் காத்திருக்கிறார் என்பது எனக்குப் புதுசு.

* ராணி அக்கா மட்டும், "அவரு வயிறு, அவரே கிறுக்கினா போதாதா" என்றார். நாங்கள் இரண்டு பேருமே காதில் வாங்கவில்லை.

4

தினம் சாயங்காலம் ஆறு மணிவாக்கில் வருவார். வரும்போது நாள் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துக்கொண்டு வருவார். முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம். பின்பக்கம் காலி. அவர் சொல்லச் சொல்ல அதில் கிறுக்கிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு தாளையும் நோட்டில் திருத்தமாக எழுதுவேன். தாள்களைக் கிளிப் போட்டு அலமாரியில் வைத்துவிடுவேன். பள்ளிக்கூடத்தில் ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு என்று இருந்ததே, அதே ஏற்பாடு.

நோட்டில் கோடு போட்டபோது நான்கு கட்டம் நெருக்கடியாக இருந்தது. நான்காவது கட்டமான ‘வேறு ஏதாவது’ முதல் வாரம் முழுக்கக் காலி. பக்கத்துக்குப் பக்கம் வெள்ளையாக நீளமாக, பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து மூன்றே கட்டம் போட்டேன். பக்கம் கச்சிதமாக அமைந்தது.

பிறகு எனக்கு அலுப்புத் தட்டியது. இட்லி நாலு, சட்னி, பரவாயில்லை. சோறு, ரசம், ரெண்டு தபா போச்சி. மறுபடி இட்லி. காரணமில்லாமல் வலிக்கிறது, காரணமில்லாமல் நிற்கிறது. ஆறு வாரம் இதையே எழுதினால் எந்த வாசகருக்கும் கொட்டாவி வரும். நாற்பது பக்கத்தில் ஒரு வில்லன்கூட இல்லையென்றால் எப்படி?

நான்காம் வாரம் ஒரு வெள்ளிக்கிழமை ராணி அக்கா சின்ன வெங்காய சாம்பார் வைத்தார். அன்றைக்கு எத்திராஜின் வயிறு கம்மென்று இருந்தது. அதற்கு முந்தின நாள் வியாழக்கிழமைதான் படாத பாடு பட்டார். ஒரு நாள்தானே என்று சாம்பாரை வியாழனுக்கு நகர்த்தினேன். நோட்டுக்கு உடனே ஒரு களை வந்தது. அடுத்த வாரம் ஆனியன் தோசையைக் கொண்டுபோய் ஒரு மோசமான நாளில் உட்கார வைத்தேன். பூண்டு ஊறுகாயையும் விட்டுவைக்கவில்லை.

கேவலம். எழுதும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு அது சாமர்த்தியமாகத்தான் பட்டது, சத்தியமாக.

5

அனுசுயா மேடம் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தாராம். வெங்காயம், பூண்டு வருகிற இடத்திலெல்லாம் சிவப்பில் கோடு போட்டாராம். "பாருங்க, ஒவ்வொரு தடவையும் கூடவே வருது. ஆறு வாரம் ரெண்டையும் விடுங்க. கோதுமை, பால், காலிஃபிளவரையும் குறைங்க. அப்புறம் ஒவ்வொண்ணா திரும்பச் சேத்துப் பாக்கலாம். ஆயுசுக்கும் விடணும்னு இல்ல." நோட்டை மூடும் முன் கேட்டிருக்கிறார், "வேற ஏதாவது தொந்தரவு இருந்துதா?"

எத்திராஜ் நிமிர்ந்து உட்கார்ந்து, "எல்லாம் நோட்டுல கீது மேடம்" என்றாராம்.

மேடம் கடைசிப் பக்கத்தில் டிக் போட்டு ‘குட்’ என்று எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துவந்து என்னிடம் காட்டியபோது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. எனக்கும்தான். விருது வாங்கிய மாதிரி இருந்தது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. வயிறு அடங்கியது. உப்புசம் போயிற்று. பருத்திப்பட்டு பங்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டி போயிற்று. வேலை தப்பித்தது. வெங்காயம் நிஜமாகவே குற்றவாளிதானோ என்னவோ. நிறையப் பேருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை என்று பிறகு தெரிந்தது. பொய் சொல்கிறவன் கல்லெறிந்தாலும் சில சமயம் மாங்காய் விழத்தான் செய்கிறது. ஆனால் ஆறு வாரம் கழித்து எத்திராஜ் மேடத்திடம் திரும்பிப் போகவில்லை. நல்லா இருக்கிற வயிற்றை எதுக்கு நோண்டணும் என்று இருந்துவிட்டார்.

கூடவே பஸ் ஓட்டும் ஹாஜா மொய்தீன் பூந்தமல்லிக்காரர், பல வருஷச் சிநேகிதர். அவர் மகள் ரைஹானா கல்யாணத்துக்குத்தான் எத்திராஜ் அந்த டிபன் பாக்ஸோடு போனார். மண்டபமே பிரியாணி வாசனையில் மிதக்க, இவர் மூலையில் எலுமிச்சைச் சாதத்தைத் திறந்தார்.

"இன்னா நைனா, மாலை போட்டுகினியா?" என்றார் ஹாஜா மொய்தீன்.

"இல்ல மச்சான். வயிறு. நோட்டு எழுதி கண்டுபுடிச்சிட்டோம்."

"நல்லாதான் கீறே போ. தொப்பையெல்லாம் கரஞ்சி போயி, மாப்ள மாதிரி கீறே."

எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஐந்து மாதத்தில் ஆள் பாதியாக இளைத்துப் போனதைப் பார்த்துத் தெருவே கைதட்டியது.

6

இதுவரைக்கும் எழுதிவிட்டு, ஆனியன் தோசை எந்தத் தேதி என்று பார்க்கத்தான் போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிளிப்பைக் கழற்றினேன்.

செப்டம்பர் 9. பின்பக்கம் என் கிறுக்கல், அவர் வாய் வார்த்தை அப்படியே: "காத்தால போறப்ப செவப்பா இருந்துச்சி. கொஞ்சூண்டு." அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் சின்ன எழுத்தில், என் எழுத்தில், "பீட்ரூட்? வேண்டாம்."

முந்தின நாள் தாளில் பீட்ரூட் பொரியல் என்று இருந்தது. சரி, அதுவாகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த தாள்களைப் புரட்டினேன். செப்டம்பர் 17. "இன்னிக்கும் செவப்பு." கோடு. "வேண்டாம்." பீட்ரூட் எங்கேயும் இல்லை. செப்டம்பர் 24. "ரத்தம் தான்னு நெனைக்கிறேன். வலி இல்ல." கோடு. இந்தத் தடவை வேண்டாம் என்றுகூட எழுதவில்லை. எழுதத் தேவையில்லாத அளவுக்குப் பழகிவிட்டிருக்கிறது எனக்கு.

ரத்தம் என்ற வார்த்தையை என் கையால் எழுதி, என் கையாலேயே அடித்து, ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே நோட்டில் "வயிறு: பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறேன். மூன்று தடவை. ஏன்? மூன்று கட்டத்தில் அதற்கு இடமில்லை. வெங்காயம்தான் வில்லன் என்று முடிவாகிவிட்ட கதையில் நடுவில் ரத்தம் வந்தால் வாசகர் குழம்புவார். இதுதான் காரணம். இதைவிட நல்ல காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

* போனில் தேடினேன். இந்த நோயில் குடல் எத்தனை அடம்பிடித்தாலும் ரத்தம் வராது, வந்தால் அது வேறு ஏதோ, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று போட்டிருந்தது. காரணமில்லாமல் இளைத்தாலும் அப்படித்தானாம். படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

7

எத்திராஜ் ஐந்தரைக்கு வருவார். அதுவரைக்கும் நான் மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். வந்ததும் இறங்கிப் போனேன்.

அவர் தட்டில் அரிசி உப்புமாவோடு உட்கார்ந்திருந்தார். வண்டி ஓட்டிய களைப்பு. அவருக்கு அந்த நேரம் பிடித்தமான நேரம். கால் நீட்டி உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, இன்றைக்கும் வண்டி எங்கேயும் நிற்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

"இன்னா ரைட்டரே, பேயடிச்ச மாதிரி கீது மூஞ்சி?"

"அண்ணா, செப்டம்பர்ல செவப்பா போச்சின்னு சொன்னீங்களே. ஞாபகம் இருக்கா?"

"ஆமா. இப்பவும் தான் போவுது."

தெருவில் தண்ணி லாரி வந்தது என்கிற மாதிரி சொன்னார்.

"இப்பவுமா?"

"வாரத்துக்கு ரெண்டு தபா, மூணு தபா. எதுக்கு கேக்குறே?"

"யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"எதுக்கு சொல்லணும்? நோட்டுல தான் கீதே. அந்தம்மா ஒரு பக்கம் உடாம படிச்சிதே. படிச்சிட்டு ஒண்ணியும் சொல்லல. குட்டுன்னு வேற போட்டுச்சி. அப்ப அது ஒண்ணியும் இல்லன்னு தானே அர்த்தம்?"

இந்த இடத்தில்தான் நான் உடைந்தேன். ஐந்து மாதம். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை சிவப்பைப் பார்த்துவிட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டு, நிம்மதியாக வெளியே வந்திருக்கிறார். படித்தவர்கள் பார்த்துவிட்டார்கள் என்ற நிம்மதி. அந்த நிம்மதியைக் கொடுத்தது என் முத்து முத்தான கையெழுத்து.

"நோட்டுல இல்லண்ணா" என்றேன். "நான் எழுதல."

எத்திராஜ் கையில் இருந்த கவளம் தட்டிலேயே திரும்பி விழுந்தது. ராணி அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"எத்தினி தபா போச்சின்னு கணக்கெல்லாம் எழுதுன. இத்த எழுதலியா?" என்றார் ராணி அக்கா.

"பீட்ரூட்டுன்னு நெனச்சேங்க்கா."

"மூணு தபாவும் பீட்ரூட்டா?"

அக்கா உள்ளே போய் எத்திராஜின் பெல்ட்டைக் கொண்டுவந்து என் முன்னால் தரையில் போட்டார். ஆணியால் குத்திய நான்கு புது ஓட்டைகள். "ஒவ்வொண்ணும் நா தான் குத்துனேன். தொப்ப கொறையுதுன்னு சிரிச்சிகினே குத்துனேன் தம்பி" என்று சொல்லிவிட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

[இங்கே எத்திராஜ் என்னை அறைந்ததாக ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். எனக்கு வசதியாக இருந்தது. கன்னத்தில் வாங்கிக்கொண்டால் கடன் தீர்ந்த மாதிரி ஒரு ஆறுதல். அதனாலேயே எடுத்துவிட்டேன். நடந்தது வேறு.]

அவர் கை கழுவிக்கொண்டு வந்து, காலண்டர் தாள்களைக் கேட்டார். கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, விரல் வைத்து, நாற்பத்திரண்டு தாளையும் படித்தார். அவர் பேச்சை அவரே படிப்பது அதுதான் முதல் தடவை. சிவப்பு வரிகளைத் தாண்டும்போது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு தாளில் நின்றுவிட்டார். எழுந்து போய் பீரோவிலிருந்து நோட்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"சாம்பாரு வெள்ளிக்கெயமை. வயிறு நல்லா கீதுன்னு போட்டுக்கிது இதுல. நோட்டுல எப்டி வியாயக்கெயமை வந்துச்சி?"

சொன்னேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அதுவரை சும்மா இருந்த மனிதருக்கு அப்போதுதான் உதடு நடுங்கியது. "அஞ்சி மாசம் வெங்காயம் இல்லாம தின்னேன்டா" என்றார். குடிவந்த மூன்று வருஷத்தில் என்னை அவர் டா போட்டது அன்றைக்குத்தான். "ரைஹானா கல்யாணத்துல நா எலுமிச்ச சோறு தின்னேன்டா."

ரத்தத்துக்கு வராத கோபம் சாம்பாருக்கு வந்தது. இதை யாராவது கதையில் எழுதியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். நேரில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. எந்தப் பயத்தை முதலில் கையில் எடுப்பது என்று தெரியாமல் அவர் சின்னதை எடுத்தார் என்று நினைக்கிறேன்.

8

புதன்கிழமை அவர் லீவு போட்டார். மூன்று பேரும் அம்பத்தூர் போனோம். நான் காலண்டர் தாள்களையும் நோட்டையும் அனுசுயா மேடத்தின் மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

முதல் கோட்டிலேயே அவர் முகம் மாறியது. மூன்றாவதைப் படித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எத்திராஜைத்தான் கேட்டார், "எடை எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

"பதினோரு கிலோ மேடம்."

"நான் குறைச்ச சாப்பாட்டுக்கு அவ்ளோ எறங்கக் கூடாது." நோட்டைத் திறந்து கட்டங்களை எண்ணினார். "நாலாவது கட்டம் இதுக்குத்தாங்க போட்டிருந்தேன். நோட்ல மூணுதான் இருக்கறத நானும் கவனிக்கல. வாய்விட்டுக் கேட்டேன், எல்லாம் நோட்ல இருக்குன்னீங்க. நானும் விட்டுட்டேன்."

எத்திராஜ் தலை குனிந்துகொண்டார். அந்த அறையில் ஆளுக்கொரு பங்கு இருந்தது. ஆனால் பங்கு போட்டாலும் என்னுடையது குறையவில்லை.

மேடம் போனை எடுத்து மாடியில் இருந்த குடல் டாக்டரிடம் பேசினார். அவர் உடனே வரச் சொல்லிப் பார்த்து, சனிக்கிழமை காலை குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது என்று நாள் குறித்தார். ராணி அக்கா, "பயப்படற மாதிரியா டாக்டர்" என்று கேட்டதற்கு, "மூலமாவும் இருக்கலாம், புண்ணாவும் இருக்கலாம், வேறயாவும் இருக்கலாம். பாக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார். பார்க்காமல் எதுவும் சொல்லாத ஒரு மனிதரை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன்.

9

பத்திரிகைக்காரர் நேற்றுப் போன் செய்தார். "முடிச்சிட்டீங்களா சார்?" முடிவு தயாராக இருக்கிறது என்று பொய் சொன்னேன். மூன்று இருந்தன.

முடிவு ஒன்று. "வெறும் மூலம்தான் என்று டாக்டர் சொன்னதும் எத்திராஜ் நேராக ஓட்டலுக்குப் போய் ஒரு ஆனியன் ஊத்தப்பம்—"

[நிறுத்திவிட்டேன். இது அவர் பிழைக்கிற முடிவு இல்லை, நான் தப்பிக்கிற முடிவு.]

முடிவு இரண்டு. "டாக்டர் ராணியை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். அவர் குரல்—"

[இதை எழுதியபோது அந்த வரி நன்றாக வந்திருக்கிறதே என்று ஒரு கணம் மனதுக்குள் தோன்றியது. அந்தக் கணத்தில் என்னை எனக்கே பிடிக்கவில்லை. தாளைக் கிழித்துவிட்டேன்.]

முடிவு மூன்று. "குடலில் புண். மருந்துண்டு, ஆனால் காலம் பூராவும்—"

[நடுவில் இருப்பதால் இது நிஜம் மாதிரித் தெரிகிறது. வியாழக்கிழமைச் சாம்பாரும் இப்படித்தான் நிஜம் மாதிரித் தெரிந்தது.]

உங்களுக்கு இந்த மூன்றில் ஒன்று பிடித்திருக்கலாம். தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் உடம்புக்குள் என்ன இருக்கிறதோ அது ஏற்கெனவே இருக்கிறது. எனக்குப் பிடிப்பதாலோ உங்களுக்குப் பிடிப்பதாலோ அது மாறாது. இவ்வளவு சாதாரண விஷயம் எனக்கு நாற்பத்து மூன்றாவது வயதில்தான் உறைக்கிறது.

10

இன்று சனிக்கிழமை. அம்பத்தூர், ஆஸ்பத்திரி இரண்டாம் மாடி, பிளாஸ்டிக் நாற்காலி. இங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் அவருக்கு இரண்டு லிட்டர் பேதி மருந்து. தம்ளர் தம்ளராக நான்தான் கலக்கிக் கொடுத்தேன். "போன வருஷமெல்லாம் நிக்கறதுக்கு மருந்து தின்னேன். இன்னிக்கு போறதுக்கு மருந்து. நல்லா கீது ஒங்க வைத்தியம்" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார். என்னோடு பேச்சை அவர் நிறுத்தவில்லை. ராணி அக்காதான் நிறுத்திவிட்டார். இன்று காலை ஆட்டோவில் ஏறும்போது மட்டும், "ஃபைல எடுத்துகினியா" என்றார்.

காத்திருக்கும்போது எத்திராஜ் என் பக்கம் சாய்ந்தார். ஆஸ்பத்திரி அங்கிக்குள் ஆள் இன்னும் ஒல்லியாகத் தெரிந்தார்.

"என்ன வெச்சி கத எழுதிகினு கீறியாமே. ரைஹானா கல்யாணத்த பத்தி கேட்டியாமே, ஹாஜா சொன்னான்."

"ஆமாண்ணா. வேணாம்னா விட்டுடறேன்."

"அதுல நா இன்னா ஆவுறேன்?"

"இன்னும் எழுதல."

அங்கியை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார். ராணி அக்கா அதன்மேல் கையை வைத்தார்.

"எழுதாத" என்றார் எத்திராஜ். "உள்ள போயிட்டு வந்து நானே சொல்றேன். நா இன்னா சொல்றேனோ அத்த எழுது. நல்லா இல்லன்னாலும் எழுது."

"சரிண்ணா."

நர்ஸ் வந்து, எத்திராஜ் யாரு என்று கேட்டார். அவர் எழுந்தார். ராணி அக்காவின் தோளை ஒரு தடவை தொட்டார். நடந்து போய்க் கதவுக்கு அந்தப் பக்கம் மறைந்தார்.

"எவ்ளோ நேரம் ஆவும் தம்பி?" செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் அக்கா என்னைத் தம்பி என்றது இப்போதுதான்.

"அரை மணி நேரம்னு சொன்னாங்கக்கா."

அரை மணி தாண்டிவிட்டது. இப்போது நாற்பத்தாறாவது நிமிடம். அக்கா எழுந்து கதவருகே போய் நிற்கிறார். அவர் முதுகு என் பக்கம். மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணல் மாணலாகப் போகிறது, முத்து எதுவும் இல்லை. இந்தத் தாளை நான் திருத்தப் போவதில்லை, இப்படியேதான் அனுப்புவேன்.

உள்ளே பேச்சுக் குரல் கேட்கிறது. கதவு திறக்கிறது. நான் நிறுத்திக்கொள்கிறேன்.